கோவைக்கு மெட்ரோ ரயிலா, பஸ்ஸா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, மதுரை மெட்ரோ ரயில் திட்டங்களை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. பஸ் நிறுத்தத்திலும் கல்யாண வீட்டிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த விவரங்களோடு பதில் எழுதியிருக்கிறேன். பதில்கள் கோவையைப் பற்றியவை என்றாலும் திருப்பூர், சேலம், திருச்சிவாசிகளுக்கும் இதே கேள்விகள் இன்றோ நாளையோ வரத்தான் போகின்றன.

மத்திய அரசு ஏன் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது?

முதன்மையாகச் சொல்லப்பட்ட காரணம் மக்கள்தொகை. 2017ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கை, 20 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களையே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி கோவை மாநகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 15.8 லட்சம் பேர். அதோடு வேறு சில ஆட்சேபங்களும் இருந்தன. கோவைவாசிகளின் சராசரிப் பயணத் தூரம் குறைவு, திட்ட அறிக்கை எதிர்பார்க்கும் பயணிகள் எண்ணிக்கை மிகையாகத் தெரிகிறது, சில இடங்களில் நிலையம் கட்டப் போதுமான சாலை அகலம் இல்லை என்பவை அவை.

செய்திகளில் மக்கள்தொகை மட்டுமே பெரிதாகப் பேசப்பட்டது. நகரத்துக்கு உண்மையில் பயன்படக்கூடிய விவாதம் மற்ற மூன்றிலும்தான் இருக்கிறது.

ஆக்ராவுக்குக் கொடுத்துவிட்டு கோவைக்கு மறுத்தது அநீதி இல்லையா?

அநீதிதான். 2011 கணக்கின்படி ஆக்ராவின் மக்கள்தொகையும் கோவையின் மக்கள்தொகையும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆக்ராவில் 2024 மார்ச் மாதமே மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. போபாலும் அந்தக் கணக்கில் 20 லட்சத்தைத் தொடவில்லை. மாநகராட்சி எல்லையோடு நிற்காமல் சுற்றியுள்ள நகர்ப்புறத் தொகுதி முழுவதையும் சேர்த்தால் கோவை 2011லேயே 21 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அளவுகோல் ஒன்று என்றால் எல்லா நகரத்துக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு இதைக் கேட்டது முழுக்க நியாயமானது.

ஆனால் ஆக்ராவுக்குக் கிடைத்தது என்பதால் மட்டும் அது கோவைக்குத் தேவை என்று ஆகிவிடாது. உரிமைக் கேள்வியும் போக்குவரத்துக் கேள்வியும் வேறு வேறு. இந்தப் பக்கம் இரண்டாவது கேள்விக்கானது.

ஒரு நகரத்துக்கு மெட்ரோ தேவையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

நகரத்தின் மொத்த மக்கள்தொகையை வைத்து அல்ல. ஒரே சாலையில், ஒரே திசையில், கூட்டம் உச்சத்தில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்பதை வைத்து. பொறியாளர்கள் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

கணக்கு எளிது. ஒரு டவுன் பஸ்ஸில் நிற்பவர்களையும் சேர்த்து 70 பேர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு பஸ் போனால் மணிக்கு 4,200 பேர். அதே பஸ்களுக்குத் தனித்தடம் போட்டு, நிறுத்தத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பஸ்கள் நிற்க இடம் கொடுத்து, ஏறும் முன்பே டிக்கெட் எடுக்க வைத்தால் 10,000 பேரைத் தாண்டலாம். முந்திச் செல்லவும் ஒரு தடம் இருந்தால் அதற்கு மேலும் போகலாம். சென்னையில் ஓடும் நான்கு பெட்டி மெட்ரோ ரயிலில் நெருக்கினால் சுமார் 1,200 பேர் ஏறுகிறார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் விட்டால் மணிக்கு 24,000 பேர். ஆறு பெட்டி, எட்டுப் பெட்டி என்று நீட்டிக்கொண்டே போனால் வேறு எந்த வாகனமும் அதற்கு ஈடாகாது.

எனவே ஒரு சாலையில் மணிக்கு 20,000 பேர் போகிறார்கள் என்றால் மெட்ரோவைப் பற்றி விவாதிக்கவே தேவையில்லை, கட்டிவிட வேண்டியதுதான். 5,000 பேர் என்றால் நல்ல பஸ் சேவை போதும். இடையில் இருக்கும் சாலைகளுக்குத்தான் யோசனை தேவை. கோவையில் மெட்ரோவுக்குத் திட்டமிட்ட அவிநாசி சாலையும் சத்தி (சத்தியமங்கலம்) சாலையும் அந்த இடைப்பட்ட வகை என்பது என் கணிப்பு. ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சாலைகளில் நாம் காணும் நெரிசல் பெரும்பாலும் இருசக்கர வாகனங்களும் கார்களும் ஏற்படுத்துவது. சாலை நிறைந்து கிடப்பதால் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பஸ்ஸில் அடங்கும் ஆட்கள் ஐம்பது கார்களில் பிரிந்து போனால் லட்சுமி மில்ஸ் சிக்னலில் வரிசை நெடுந்தூரம் நீளும்.

செலவு எவ்வளவு வேறுபடுகிறது?

கோவைத் திட்டத்தின் மதிப்பீடு 39 கிலோமீட்டருக்குச் சுமார் 10,740 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 275 கோடி. இது பெரும்பாலும் தூண்கள் மீது ஓடும் பாதை என்பதால் இவ்வளவில் நிற்கிறது. சுரங்கம் தோண்டினால் எங்கோ போய்விடும். சென்னையின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி, அதாவது கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல்.

ஒரு தாழ்தள மின்சாரப் பஸ்ஸை ஒன்றரைக் கோடி என்று தாராளமாகவே வைப்போம். ஆயிரம் பஸ் வாங்க 1,500 கோடி. பணிமனை, மின்னேற்றும் வசதி, நிறுத்தங்கள் எல்லாம் சேர்த்து இன்னும் பல நூறு கோடி. அப்படியும் மெட்ரோ மதிப்பீட்டில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டுவது கடினம். அந்த ஆயிரம் பஸ்கள் இரண்டு சாலைகளோடு நிற்காமல் வடவள்ளி, துடியலூர், குனியமுத்தூர், போத்தனூர், சூலூர் என்று எல்லாப் பக்கமும் போகும்.

பஸ் ஆதரவாளர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அது முழு உண்மை ஆகாது. பஸ் வாங்குவது மலிவு, ஓட்டுவது மலிவல்ல. ஒரு பஸ் நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடி, கிலோமீட்டருக்கு 70 ரூபாய் செலவாகிறது என்று வைத்தால் ஆயிரம் பஸ்களுக்கு ஆண்டுக்கு 500 கோடிக்கு மேல் வேண்டும். ஓட்டுநர், நடத்துநர் சம்பளம்தான் அதில் பெரும்பங்கு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பஸ்ஸை மாற்றவும் வேண்டும். மெட்ரோ பெட்டி முப்பது ஆண்டுகள் உழைக்கும், தூண்களும் பாலங்களும் நூறு ஆண்டு கணக்கில் கட்டப்படுகின்றன. கூட்டம் உண்மையிலேயே பெரிதாக இருந்தால் தலைக்கு ஆகும் செலவில் மெட்ரோ வென்றுவிடும். கூட்டம் இல்லாவிட்டால் அதைவிட விலையுயர்ந்த தவறு வேறில்லை. 2015ல் தொடங்கிய ஜெய்ப்பூர் மெட்ரோ பல ஆண்டுகள் எதிர்பார்த்த பயணிகளைப் பெறாமலே ஓடியது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. மெட்ரோவுக்கு வாங்கும் பல்லாயிரம் கோடிக் கடனை முதலீடு என்கிறோம். பஸ்ஸுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் சில நூறு கோடியை நஷ்டம் என்கிறோம். மெட்ரோ நிறுவனங்களின் கணக்கில் வட்டியும் தேய்மானமும் சேர்ந்தால் அங்கும் பற்றாக்குறைதான். இரண்டும் நகரத்தின் அன்றாட வாழ்க்கைக்கான செலவு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்து, ஒரே தராசில் நிறுக்க வேண்டும்.

இன்று ஒப்புதல் கிடைத்தால் எத்தனை ஆண்டுகளில் ரயில் ஓடும்?

சென்னையைப் பாருங்கள். முதல் கட்டத்துக்கு 2009ல் ஒப்புதல். கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை முதல் ரயில் ஓடியது 2015 ஜூன் 29. திட்டமிட்ட இரு வழித்தடங்களும் முழுமையடைந்தது 2019 பிப்ரவரி. பத்து ஆண்டுகள். இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது, மத்திய அமைச்சரவையின் ஒப்புதலோ 2024 அக்டோபரில்தான் வந்தது. பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்டும் ஐந்து கிலோமீட்டர் வேலை, நிலம் கையகப்படுத்தும் வழக்குகளில் சிக்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது.

எனவே கோவைக்கு நாளையே கையெழுத்தானாலும் 2030களின் நடுப்பகுதிக்கு முன் முழுப் பயனை எதிர்பார்க்க முடியாது. இன்று ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பெண் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, சரவணம்பட்டியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ரயில் வரும். அதுவரை அவள் எதில் போவாள்? மெட்ரோ வரப்போகிறது என்ற பேச்சில் பஸ்ஸை வாடவிட்டால் அது அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிடும். பத்து ஆண்டுகளில் அவளும் அவள் வீட்டாரும் ஆளுக்கொரு ஸ்கூட்டர் வாங்கியிருப்பார்கள். ஸ்கூட்டர் பழகிய குடும்பத்தைப் பிறகு மெட்ரோவுக்கும் இழுக்க முடியாது.

பஸ்ஸைவிட மெட்ரோ இரண்டு மடங்கு வேகம். அதற்காகவாவது வேண்டாமா?

தூரத்தைப் பொறுத்தது. நிறுத்தங்களையும் சேர்த்து மெட்ரோவின் சராசரி வேகம் மணிக்கு 33 கிலோமீட்டர் அளவில் இருக்கும். நெரிசலில் டவுன் பஸ் 15 கிலோமீட்டர் என்று வைப்போம்.

ஏழு கிலோமீட்டர் போகிற ஒருவருக்கு ரயிலில் 13 நிமிடம், பஸ்ஸில் 28 நிமிடம். பதினைந்து நிமிட மிச்சம். ஆனால் மெட்ரோ நிலையங்கள் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாகவே இருக்கும். நடக்கும் தூரம் கூடும். படியேறி, சோதனை முடித்து, நடைமேடைக்குப் போக இன்னும் மூன்று நான்கு நிமிடம். இறங்கும் இடத்திலும் அதே கதை. மிச்சத்தில் பெரும்பகுதி இதிலேயே கரைந்துவிடும்.

உக்கடத்திலிருந்து நீலாம்பூர் வரை இருபது கிலோமீட்டர் போகிறவருக்குக் கணக்கு வேறு. ரயிலில் 36 நிமிடம், பஸ்ஸில் 80 நிமிடம். அவருக்கு மெட்ரோ வாழ்க்கையையே மாற்றும். கோவையில் சராசரிப் பயணம் குறுகியது என்ற ஆட்சேபம் இங்கேதான் முக்கியமாகிறது. தில்லியிலும் சென்னையிலும் மக்கள் நீண்ட தூரம் போய் வருகிறார்கள். கோவையில் பலரும் ஐந்து முதல் எட்டு கிலோமீட்டருக்குள் வேலை, பள்ளி, சந்தை எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறார்கள். அது இந்த ஊரின் நல்வாய்ப்பு என்றே நான் சொல்வேன்.

கணக்கில் விட்டுப்போனது காத்திருக்கும் நேரம். இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாகப் பத்து நிமிடம் நிறுத்தத்திலேயே போய்விடும். அதைக் குறைக்கத் தூண்கள் வேண்டாம், கூடுதல் பஸ்கள் வேண்டும்.

அவிநாசி சாலையில்தான் மேம்பாலம் வந்துவிட்டதே?

வந்துவிட்டது. உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய், 2025 அக்டோபர் 9 அன்று திறப்பு. விமான நிலையத்துக்குக் காரில் போகிறவர்களுக்கு நேரம் வெகுவாக மிச்சமாகிறது. ஆனால் பஸ் நிறுத்தங்கள் எல்லாம் கீழே இருக்கின்றன. டவுன் பஸ் கீழேதான் போக வேண்டும். அண்ணா சிலை, லட்சுமி மில்ஸ், பீளமேடு, ஹோப் காலேஜ் என்று ஏறி இறங்குகிற கூட்டத்துக்கு மேம்பாலத்தால் நேரடிப் பயன் இல்லை.

மெட்ரோவுக்குத் திட்டமிட்டதும் இதே சாலைதான். ஒரே சாலைக்கு முதலில் காருக்கான பாலத்தைக் கட்டிவிட்டு, அதன் பக்கத்தில் ரயிலுக்கு இடம் தேடுவது திட்டமிடலில் நேர்ந்த பெரும் பிழை. அதே 1,791 கோடி ஆயிரம் பஸ்களுக்கான விலை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். போனது போகட்டும். கார்கள் மேலே போய்விட்டதால் கீழே சாலையில் கொஞ்சம் இடம் பிறந்திருக்கிறது. அந்த இடத்தை வாகன நிறுத்தமாக விடாமல் பஸ்ஸுக்கு ஒதுக்க இதைவிட நல்ல தருணம் அமையாது.

அந்த மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்திருக்கிறார்கள். கோவையின் தொழில் முன்னோடியான அவர் 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியவர். அந்த ஒற்றைப் பஸ் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. நேரம் தவறாத பஸ் சேவை இந்த ஊருக்குப் புதிதல்ல. அவர் பெயர் தாங்கிய பாலத்தின் நிழலில் பஸ்ஸுக்கு ஒரு தடம் கேட்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

பி.ஆர்.டி.எஸ். எனப்படும் விரைவு பஸ் தடம் தில்லியில் தோற்றுவிட்டதே?

தோற்றது உண்மை. அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 2008ல் ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு துண்டைத் திறந்தார்கள். கார்க்காரர்கள் கொதித்தார்கள், தொலைக்காட்சிகள் கொதித்தன, 2016ல் இடித்துவிட்டார்கள். போபால் 2024ல் தன் தடத்தை அகற்றத் தொடங்கியது. இந்தூரில் 2025ல் உயர் நீதிமன்றம் அகற்ற அனுமதித்தது.

ஏன் தோற்றன என்று பார்க்க வேண்டும். தில்லியில் அது நகரம் முழுவதும் இணையாத ஒரு துண்டு. சிக்னல்களில் பஸ்ஸுக்கு முன்னுரிமை சரியாக அமையவில்லை. ஏறும் முன் டிக்கெட் எடுக்கும் மூடிய நிலையங்கள் இல்லை. கண்ட பஸ்ஸும் உள்ளே நுழைந்து வரிசை கட்டி நின்றது. சாலையில் காரைவிட பஸ்ஸில் போகிறவர்கள் அதிகம் என்ற உண்மை யார் காதிலும் ஏறவில்லை, ஏனென்றால் பேசும் இடத்தில் இருந்தவர்கள் கார்க்காரர்கள்.

2009ல் தொடங்கிய அகமதாபாத் இதே நாட்டில்தான் இருக்கிறது. அங்கே சாலை நடுவில் மூடிய நிலையங்கள், பஸ்ஸின் தரைமட்டத்துக்கே நடைமேடை, ஏறும் முன்பே டிக்கெட். ஒன்றோடொன்று இணையும் வலையாக வளர்ந்தது. குறைகள் இருந்தாலும் இன்றும் ஓடுகிறது.

நமக்கு மிக நெருக்கமான பாடம் ஜகார்த்தாவுடையது என்று நினைக்கிறேன். 2004 ஜனவரியில் ஒரே ஒரு வழித்தடத்தில் டிரான்ஸ்ஜகார்த்தா தொடங்கியது. தடுப்புச் சுவர் போட்டு சாலையின் ஒரு தடத்தை அப்படியே பஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்று தனித்தடங்களின் நீளம் 200 கிலோமீட்டருக்கும் மேல், நாளுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள். முதல் பஸ் தடம் ஓடிய அதே முதன்மைச் சாலையின் அடியில் 2019ல் மெட்ரோ திறக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் பஸ் கூட்டத்தைச் சேர்த்து வைத்தது, பிறகு ரயில் வந்தது. பஸ்ஸும் நிற்கவில்லை. கொலம்பியாவின் பொகோட்டாவும் 2000 டிசம்பரில் தொடங்கிய பஸ் தடங்களுக்குப் பிறகு இப்போதுதான் முதல் மெட்ரோவைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

கோவையின் சாலைகள் குறுகலானவை. தனித்தடத்துக்கு எங்கே இடம்?

எல்லாச் சாலையிலும் தடுப்புச் சுவர் எழுப்ப முடியாது, தேவையும் இல்லை. அவிநாசி சாலையில் முடியும். திருச்சி சாலையின் சில பகுதிகளில் முடியும். ராஜ வீதியிலும் ஒப்பணக்கார வீதியிலும் முடியாது.

குறுகிய சாலைகளில் செய்யக்கூடியவை வேறு. சிக்னலுக்கு முந்தைய நூறு மீட்டரை மட்டும் பஸ்ஸுக்கு விடலாம். பஸ் முன்னால் போய் நிற்கும், பச்சை விழுந்ததும் முதலில் கிளம்பும். காலை 8 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் சாலையோர வாகன நிறுத்தத்தைத் தடை செய்யலாம். நிறுத்தத்துக்கு முன்னால் ஆட்டோவும் காரும் நிற்காமல் பார்த்துக்கொண்டாலே பஸ் ஓரமாக ஒதுங்கி நிற்கும், பின்னால் வரும் எல்லோருக்கும் வழி கிடைக்கும். இவற்றுக்கு ஆகும் செலவு பெயின்ட், பலகை, சில போக்குவரத்துக் காவலர்கள். துணிச்சல்தான் அதிகம் வேண்டும்.

எத்தனை பஸ்கள் இருந்தால் போதும்?

மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் சேவை அளவுகோல், ஆயிரம் பேருக்கு 0.6 பஸ் இருந்தால் முதல் தரம் என்கிறது. லட்சம் பேருக்கு 60. இருபது லட்சம் பேருக்கு 1,200. எண்ணிக்கையைவிட அவை எப்போது வருகின்றன என்பதில் கவனம் தேவை. முக்கியச் சாலைகளில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, மற்றவற்றில் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று வந்தால் யாரும் அட்டவணை பார்க்க மாட்டார்கள். ஒரே தடத்தில் அரசு பஸ்ஸும் தனியார் டவுன் பஸ்ஸும் நேரத்துக்குப் போட்டி போட்டு ஒன்றன் பின் ஒன்றாக வந்துவிட்டு, பிறகு அரை மணி நேரம் ஒன்றுமே வராமல் இருப்பது இந்த ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த துன்பம். பஸ் எண்ணிக்கையைக் கூட்டாமலே இதைச் சீராக்க முடியும். தனியாருக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுத்து, பயணிகளைப் பிடிக்கும் போட்டியை நீக்கினால் போதும். சென்னையில் 2025 ஜூன் மாத இறுதியில் வியாசர்பாடியிலிருந்து ஓடத் தொடங்கிய 120 மின்சாரப் பஸ்கள் இந்த முறையில்தான் இயங்குகின்றன.

பெண்களுக்கு இலவசப் பயணம் கொடுத்ததால்தான் பஸ் சேவை கெட்டுவிட்டது என்கிறார்களே?

இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. அதற்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கிறது. பழைய பஸ்களும் ஆள் பற்றாக்குறையும் அதற்கு முன்பே இருந்த நோய்கள்.

அந்தத் திட்டத்தால் யார் பயணம் செய்கிறார்கள் என்று காலை ஆறரை மணி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பஞ்சாலையில் ஷிப்ட் மாறுகிறவர்கள், மருத்துவமனையில் துப்புரவு செய்கிறவர்கள், பூக்கூடையோடு மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பது அவர்களுக்குச் சிறிய தொகை அல்ல. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய, கொஞ்சம் கூடுதல் சம்பளம் தரும் வேலையை ஏற்க அந்த இலவசம் வழி செய்கிறது.

சென்னை மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சம் 50. மெட்ரோ வந்ததும் அதே சாலையில் ஓடும் பஸ்களைக் குறைத்து, பயணிகளை ரயிலுக்குத் தள்ள வேண்டும் என்ற யோசனை எல்லா ஊரிலும் எழும். கோவையில் அப்படி நடந்தால் முதலில் அடிபடுவது இந்தப் பெண்கள்தான். மெட்ரோவை ஆதரிக்கிறவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

மெட்ரோவில் ஒரு நன்மையும் இல்லையா?

நிறைய உண்டு. மழையிலும் நெரிசலிலும் நேரம் தவறாது. இரவில் தனியாகப் போகும் பெண்ணுக்கு வெளிச்சமும் காவலும் கேமராவும் உள்ள நிலையம் கிடைக்கும். சக்கர நாற்காலியில் வருகிறவர் லிப்டில் ஏறி, யார் உதவியும் இல்லாமல் பெட்டிக்குள் போகலாம். நம் டவுன் பஸ்ஸில் அவரால் ஏறவே முடியாது. கார் வைத்திருப்பவர் காரை வீட்டில் விட்டுவிட்டு வருவது பஸ்ஸைவிட மெட்ரோவுக்கே அதிகம்.

இவற்றில் பாதியை நல்ல பஸ்ஸாலும் தர முடியும் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். தாழ்தளம், விளக்குள்ள நிறுத்தம், நிறுத்தத்துக்கு ஒழுங்கான நடைபாதை. இவை ரயிலுக்கு மட்டும் உரியவை அல்ல.

சென்னையில் மெட்ரோ வந்த பிறகு பஸ்ஸின் முக்கியத்துவம் குறைந்ததா?

இல்லை. 2024ஆம் ஆண்டு முழுவதும் சென்னை மெட்ரோவில் பயணம் செய்தவர்கள் சுமார் 10.5 கோடி, நாளுக்கு மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மாநகரப் பஸ்கள் அதைப் போலப் பத்து மடங்குப் பயணங்களைச் சுமக்கின்றன. மெட்ரோ நிலையத்துக்கு வந்து சேரவே பலருக்குப் பஸ் வேண்டும். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் வசதி 2025 செப்டம்பரில்தான் வந்தது. முதல் மெட்ரோ ஓடிப் பத்து ஆண்டுகள் கழித்து! கோவை அந்தத் தாமதத்தைத் திரும்பச் செய்யத் தேவையில்லை.

ஏற்கெனவே இருக்கும் தண்டவாளங்களைப் பயன்படுத்த முடியாதா?

முடியும், இதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசாதது எனக்கு வருத்தம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இருகூரிலிருந்து ஒரு பாதை பீளமேடு, வடகோவை, கோவை சந்திப்பு வழியாகப் போத்தனூருக்குப் போகிறது. இன்னொரு பாதை அதே இருகூரிலிருந்து சிங்காநல்லூர் வழியாகப் போத்தனூருக்கு வருகிறது. நகரத்தைச் சுற்றி ஒரு வளையம் ஏற்கெனவே கிடக்கிறது. வடகோவையிலிருந்து துடியலூர், காரமடை, மேட்டுப்பாளையம் என்று ஒரு கிளையும் உண்டு. அந்தக் கிளையில் பயணிகள் ரயில் ஓடுகிறது, கூட்டமும் இருக்கிறது.

வளையத்தில் அரை மணிக்கு ஒரு சிறிய மின்சார ரயில் விட்டால் சிங்காநல்லூரும் பீளமேடும் போத்தனூரும் இணையும். நீண்டதூர ரயில்களுக்கு நடுவே நேரம் ஒதுக்குவது எளிதல்ல, சில இடங்களில் கூடுதல் தண்டவாளமும் வேண்டியிருக்கும். அப்படியும் புதிய மெட்ரோவின் செலவில் சிறு பகுதிதான் ஆகும். நிலையத்தின் வாசலில் பஸ் நிற்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. இன்று பீளமேடு ரயில் நிலையத்தில் இறங்குகிறவர் அவிநாசி சாலைக்கு நடந்தே வர வேண்டியிருக்கிறது.

வெள்ளலூர் பஸ் முனையம் என்ன ஆனது?

வெளியூர்ப் பஸ்களுக்காக 2020ல் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுபோனது. வெளியூர்ப் பஸ்கள் எங்கே நிற்கும் என்பது தீராமல் டவுன் பஸ் தடங்களை முழுமையாகத் திருத்தி அமைக்க முடியாது. கட்டுவதானால் கட்டி முடிக்க வேண்டும், கைவிடுவதானால் வேறிடத்தை அறிவிக்க வேண்டும்.

அப்படியானால் உங்கள் முடிவு என்ன? கோவைக்கு மெட்ரோவே வேண்டாமா?

வேண்டும், ஒரு நாள். இன்று முதலில் வேண்டியது பஸ். அவிநாசி சாலையில் மேம்பாலத்தின் கீழ் பஸ்ஸுக்கு முழுத் தடம், சத்தி சாலையில் காந்திபுரம் முதல் சரவணம்பட்டி வரை உச்ச நேரத் தடம், நகரம் முழுவதும் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். இவற்றை மூன்று ஆண்டுகளில் செய்துவிட முடியும். அதே நேரத்தில் மெட்ரோவுக்கான நிலத்தை இப்போதே குறித்து வைக்க வேண்டும். புதிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது நிலையங்கள் வரவேண்டிய இடங்களைக் காலியாக விடச் செய்ய வேண்டும். பஸ் தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டும் ஆட்கள் ஏற முடியாமல் நிற்கிறார்கள் என்ற நிலை வரும்போது அங்கே ரயில் பாதை கட்டத் தொடங்க வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்பில் கோவை 20 லட்சத்தைத் தாண்டிவிட்டால்?

தாண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து நாடு முழுவதும் கணக்கெடுப்பு நடக்கிறது. அந்த எண் வந்ததும் மக்கள்தொகை ஆட்சேபம் விழுந்துவிடும், மற்ற மூன்று ஆட்சேபங்கள் அப்படியே இருக்கும். எதிர்பார்க்கப்படும் பயணிகள் எண்ணிக்கை மிகை என்று சொன்னவர்களுக்கு மதிப்பீடுகளால் பதில் சொல்வதைவிட ஏற்கெனவே பயணம் செய்கிறவர்களின் எண்ணிக்கையால் சொல்வது வலுவானது. புதிய அறிக்கையில் முதலில் இருக்க வேண்டிய அட்டவணை, அவிநாசி சாலையிலும் சத்தி சாலையிலும் காலை 8 முதல் 10 வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் பஸ் ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்பது. நடத்துநர்களின் கையில் இருக்கும் டிக்கெட் கருவிகளிலிருந்தே அதைத் தொகுக்கத் தொடங்கலாம். பெண்களுக்குக் கொடுக்கும் இலவசச் சீட்டுகளும் அதில் ஒன்றுவிடாமல் சேர வேண்டும்.